“ஒரே பாட்டையே எத்தனை தடவைதான் வாசிப்பே?” - டெக்ஸாஸில் ஒரு கிளாரினெட் வீடு

ஜூலை மாதக் கடைசி. டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகர் வீடு. கோடை விடுமுறையில் பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்காத மகள், அன்று எட்டரை மணிக்கே குளித்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஆச்சர்யம்.

“என்னடா, ஏதாவது ரிசல்ட் வருதா?”

“ரிசல்ட் இல்லம்மா. எட்யூட் வருது.”

முந்தைய இரண்டு வருடங்களும் இதே ஜூலையில் இதே எட்யூட் வந்தது. மகள் வாசித்தாள். டிசம்பரில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தாள். அம்மாவுக்கு அது `ஸ்கூல்ல ஏதோ பேண்டு போட்டி’ என்ற அளவில்தான் தெரியும். இந்த வருடம் மகள் பதினொன்றாம் வகுப்பு. எஸ்.ஏ.டி பரீட்சை இருக்கிறது, கெமிஸ்ட்ரி இருக்கிறது, அடுத்த வருடம் காலேஜ் விண்ணப்பம் இருக்கிறது. பேண்டை இத்தோடு நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று அம்மா மனதுக்குள் முடிவு செய்திருந்தார். சொல்வதற்குத்தான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பாடம், மூன்று நிமிடம்

அமெரிக்கப் பள்ளிகளில் பேண்டு என்பது விளையாட்டு தினத்தன்று மட்டும் வெளியே வரும் விஷயமல்ல. அதுவும் ஒரு பாடம். அதற்கென்று பீரியடு உண்டு, ஆசிரியர் உண்டு, மார்க் உண்டு. டெக்ஸாஸில் இது இன்னும் ஒரு படி மேல். டெக்ஸாஸ் மியூசிக் எஜுகேட்டர்ஸ் அசோசியேஷன் என்ற இசை ஆசிரியர்கள் சங்கம் 1920-ல் தொடங்கப்பட்டது. அது நடத்தும் `ஆல் ஸ்டேட்’ தேர்வில் இடம்பிடிப்பது, மாநில அளவில் ரேங்க் எடுப்பதுபோல. பேண்டு, ஆர்கெஸ்ட்ரா, கொயர் எல்லாம் சேர்த்து 70,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் முதல் சுற்றுக்கு வருகிறார்கள். கடைசியில் நிற்பவர்கள் சுமார் 1,900 பேர். அவர்கள்தான் பிப்ரவரியில் சான் ஆன்டோனியோ நகரில் நடக்கும் மாநாட்டில் மேடையேறுவார்கள்.

கோடையில் ஒவ்வொரு கருவிக்கும் எந்தெந்த எட்யூட் என்று அறிவிப்பார்கள். எட்யூட் என்றால் பயிற்சிக்காகவே எழுதப்பட்ட சிறு இசைத்துண்டு. கிளாரினெட்டுக்கு மூன்று வரும். ஒன்று வேகமாக விரல் ஓட வேண்டியது, ஒன்று நிதானமாக இழைய வேண்டியது, மற்றொன்றுக்கு வேறு குணம். கிளாரினெட் படிக்கும் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய பெயர் சிரில் ரோஸ். 19-ம் நூற்றாண்டில் பாரிஸ் கன்சர்வட்டோரியில் கிளாரினெட் கற்றுக்கொடுத்தவர். அவருடைய புகழ்பெற்ற 32 எட்யூட்களில் பெரும்பாலானவை, ஃபெர்லிங் என்பவர் ஓபோ கருவிக்கு எழுதியவற்றை எடுத்துக் கிளாரினெட்டுக்கு ஏற்றபடி மாற்றியவை. டெக்ஸாஸ் ஆடிஷனில் பல வருடங்கள் ரோஸின் எட்யூட்களே வந்திருக்கின்றன.

மொத்தம் நாலைந்து பக்கம்தான். அதற்குத்தான் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை உழைப்பு. ஆனால் ஆடிஷனில் முழு எட்யூட்டையும் கேட்க மாட்டார்கள். எந்த இடத்தில் ஆரம்பித்து எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அன்று காலையில்தான் தெரியும். மூன்றிலும் வாசிக்கும் பகுதியைச் சேர்த்தால் மூன்று நிமிடம் வந்தால் அதிகம்.

“மூணு நிமிஷத்துக்கு அஞ்சு மாசமா?” என்றார் அம்மா.

“ஐ.ஐ.டி எக்ஸாம் சில மணி நேரம்தானே, அதுக்கு எத்தனை வருஷம் படிக்கிறாங்க?” என்றார் அப்பா. அன்றைக்கு அப்பாவுக்கு இரண்டாவது காபி கிடைக்கவில்லை.

சீவாளியும் ரீடும்

மகள் ஆறாம் வகுப்பில் கருவி தேர்ந்தெடுத்தபோது கேட்டது புல்லாங்குழல். வாயின் அமைப்பைப் பார்த்துவிட்டு ஆசிரியர் கொடுத்தது கிளாரினெட். வீடியோ காலில் அதைப் பார்த்த திருச்சிப் பாட்டிக்கு ஒரே சந்தோஷம். “நம்ம ஏ.கே.சி. நடராஜன் வாசிச்ச கிளாரினெட்டா! கோயில்ல அவர் தவிலோட உட்கார்ந்தார்னா, கூட்டம் நகராதே” என்றார். தமிழ்நாட்டில் கிளாரினெட்டை கர்னாடக சங்கீத மேடையில் நிலைநிறுத்தியவர் ஏ.கே.சி. நடராஜன். 2008-ல் சங்கீத கலாநிதி, 2022-ல் பத்மஸ்ரீ. பேத்தி கையில் இருக்கும் கறுப்புக் குழல் எங்கிருந்து வந்தால் என்ன, பாட்டிக்கு அது நம்ம ஊர்க் கருவிதான்.

அம்மாவுக்குக் கிளாரினெட் என்றால் செலவுக் கணக்கு. பெரிய செலவு குழல் அல்ல, அதன் வாயில் பொருத்தும் ரீடு. நாணல் தட்டையைச் சீவிச் செய்த, விரல் நீளத் துண்டு. பத்து கொண்ட பெட்டி முப்பது டாலர். அதில் மூன்றோ நான்கோதான் ஆடிஷனுக்குத் தேறும் என்று மகள் சொன்னபோது, “மீதியைத் திருப்பிக் கொடுக்க முடியாதா?” என்று கேட்டார். முடியாது.

நல்ல ரீடு ஒன்று அமைந்துவிட்டால் அதைப் பச்சைக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்தால் நெளியும். அதிகம் ஊறினால் குரல் மங்கும். ஏ.சி காற்றே அதற்கு எதிரி. மகள் நான்கு ரீடுகளுக்கு எண் போட்டு, ஈரப்பதம் காக்கும் பெட்டியில் அடுக்கி, தினம் ஒன்றாக மாற்றி மாற்றி வாசித்தாள். இதைக் கேட்ட பாட்டி, “நாதஸ்வரக்காரர் நாலஞ்சு சீவாளியைக் கொத்தாக் கட்டித் தொங்கவிட்டிருப்பாரே, அதேதானே?” என்றார். அதேதான். இரண்டும் தட்டையிலிருந்து வருபவை, இரண்டும் வாசிப்பவரின் உதட்டு ஈரத்தில் உயிர் பெறுபவை. சீவாளியில் இரண்டு நாக்கு, கிளாரினெட்டில் ஒன்று, அவ்வளவுதான் வித்தியாசம்.

71 மார்க்

ஆகஸ்ட் வந்ததும் மார்ச்சிங் பேண்டு தொடங்கியது. கொதிக்கும் தார்த் தரையில் காலை முழுக்க அணிவகுப்புப் பயிற்சி. பள்ளி திறந்தபின் வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் மேட்ச், சனிக்கிழமை போட்டி. எட்யூட்டுக்குக் கிடைத்தது இரவு ஒன்பது மணிக்கு மேல்தான்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்த வேகமான எட்யூட் மனப்பாடமாகிவிட்டது. ஏழாம் வகுப்புத் தம்பி பல் தேய்த்துக்கொண்டே அதை முணுமுணுப்பான். மகள் எந்த இடத்தில் தடுக்குவாளோ, அதே இடத்தில் அவனும் தடுக்கிக் காட்டுவான். வீட்டில் சண்டை வர அது போதும்.

தடுக்கிய இடத்துக்கு ஒரு பெயர் உண்டு. கிளாரினெட்காரர்கள் அதை `பிரேக்’ என்கிறார்கள். கீழ் ஸ்தாயியின் மேல் முனையில் ஒரே ஒரு விரல்தான் வேலை செய்யும். அடுத்த ஸ்வரத்துக்குப் போக வேண்டுமென்றால் ஏறக்குறைய எல்லா விரல்களும் ஒரே நொடியில் இறங்கி எல்லாத் துளைகளையும் மூட வேண்டும். ஒரு விரல் கால் நொடி பிந்தினாலும், வாத்து கத்தியதுபோல `கீச்’ என்று ஒரு சத்தம். அந்த எட்யூட்டில் இரண்டாவது பக்கத்தில் ஒரே வரியில் ஐந்து முறை அந்தப் பாலத்தைத் தாண்டி ஏறி இறங்க வேண்டும்.

அக்டோபரில் கெமிஸ்ட்ரி மார்க் வந்தது. 71.

டெக்ஸாஸில் 1984-லிருந்து ஒரு சட்டம் உண்டு. `பாஸ் இல்லையேல் ஆட்டம் இல்லை’ என்று அர்த்தம் தரும் பெயரில் பிரபலம். ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால், அந்த மாணவர் குறிப்பிட்ட காலத்துக்கு ஃபுட்பாலோ பேண்டோ எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள முடியாது. எல்லைக்கோட்டுக்கு ஒரு மார்க் மேலே நின்றிருந்தாள் மகள்.

அம்மா தேடிக்கொண்டிருந்த நேரம் அதுதான். “போதும்டா. இதோட நிறுத்திக்கலாம். மியூசிக் எங்கேயும் போயிடாது. படிப்பு முடிச்சு அப்புறம் வாசிச்சுக்கலாம்.”

மகள் கத்தவில்லை. “நீ அப்புறம் பாடினியாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

அம்மா எட்டு வயதில் ஸ்ரீரங்கத்தில் பாட்டு கற்க ஆரம்பித்தவர். பத்தாம் வகுப்பு வரை வாரத்தில் மூன்று நாள் க்ளாஸ். பிளஸ் ஒன் சேர்ந்தபோது, `ரெண்டு வருஷம் நிறுத்திட்டு அப்புறம் பாடிக்கலாம்’ என்று வீட்டில் சொன்னார்கள். இன்ஜினீயரிங், கல்யாணம், விசா, இரண்டு பிள்ளைகள். நவராத்திரி கொலுவுக்குத் தோழிகள் வற்புறுத்தினால் ஒரு பாட்டு. அதிலும் சரணம் பாதியில் மறந்துவிடும். மகளுக்கு இது எப்படித் தெரியும் என்றால், அம்மாவே வருடா வருடம் கொலுவில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை அது.

அன்று இரவு கிளாரினெட் பெட்டி திறக்கப்படவில்லை. மறுநாள் காலை, வாரத்துக்கு இரண்டு நாள் கெமிஸ்ட்ரி ட்யூஷன், மார்க் 80-க்கு மேல் வரும்வரை சனிக்கிழமை ஊர் சுற்றல் இல்லை என்று ஒப்பந்தம் ஆனது. எட்யூட்டும் தொடரலாம் என்றார் அம்மா. சமாதானக் கொடி என்று சொல்ல முடியாது, தற்காலிகப் போர் நிறுத்தம்.

முதல் காலம்

ஒரு வாரம் கழித்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா, முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டார். மகள் அந்த வரியை முழு வேகத்தில் வாசிக்கிறாள், தடுக்குகிறாள். உடனே மறுபடி அதே வேகம், அதே தடுக்கல். பத்தாவது முறை எழுந்து போய்க் கதவைத் தட்டினார்.

“ஒரே பாட்டையே எத்தனை தடவைதான் வாசிப்பே?”

“சரியா வர்ற வரைக்கும்.”

“நீ சரியா வாசிச்சுப் பழகலடா. தப்பா வாசிச்சுத்தான் பழகுறே. பத்து தடவையும் அதே தப்புதானே பண்ணினே? விரலுக்கு அதுதான் பாடம்னு ஆயிடுச்சு.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய கிளாரினெட் ஆசிரியர் வாரா வாரம் வேறு வார்த்தைகளில் சொல்வதும் அதுதான்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து, ஸ்ரீரங்கத்து டீச்சர் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடவைத்த கதையைச் சொன்னார். முதல் காலத்தில் சுத்தமாக வராமல் இரண்டாம் காலத்துக்குப் போகவே விடமாட்டார். “முதல் காலத்துல ஒளிஞ்சுக்க இடமே கிடையாதுடி” என்பாராம்.

அன்றிலிருந்து மெட்ரோனோம் பாதி வேகத்தில் ஓடியது. கர்னாடக சங்கீதத்தில் காலம் இரட்டிப்பாகும். இங்கே நான்கு நான்கு துடிப்பாக ஏற்றினார்கள். தொடர்ந்து ஐந்து முறை பிசிறில்லாமல் வந்தால்தான் அடுத்த படி, ஒருமுறை பிசகினாலும் ஒரு படி கீழே. அந்த ஐந்து பாலங்களுக்கும் ஆசிரியர் ஒரு உபாயம் சொல்லிக்கொடுத்தார். கீழ் ஸ்வரம் வாசிக்கும்போதே வலது கை விரல்களை முன்கூட்டியே மூடி வைத்துக்கொள்வது. அந்த இடத்தில் அது சுருதியைக் கெடுக்காது, தாண்டும்போது இறங்க வேண்டிய விரல்கள் பாதியாகிவிடும். மெதுவாக வாசித்தபோதுதான் மகளுக்கு இன்னொன்றும் பிடிபட்டது. தடுக்கலுக்கு விரல் மட்டும் காரணமில்லை. அந்த வரிக்கு வரும்போது பயத்தில் மூச்சு சுருங்கிவிடுகிறது.

நிதானமான எட்யூட்டில் அம்மாவுக்குப் பிரச்னை வேறு. “ரெண்டாவது வரியில பாதியில மூச்சு விடுறே. வாக்கியம் முடியலையே. `நான் ஊருக்கு’னு சொல்லி நிறுத்திட்டு `போறேன்’னு சொன்னா எப்படி இருக்கும்?” என்றார். மகள் போனில் பதிவு செய்து கேட்டுப் பார்த்தாள். அம்மா சொன்னது சரியாக இருந்தது. அது அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

நவம்பரில் வீட்டுக்குள்ளேயே ஒத்திகை ஆடிஷன். ஹாலின் குறுக்கே பெட்ஷீட் கட்டினார்கள். அந்தப் பக்கம் அப்பா, அம்மா, தம்பி, போனில் பாட்டி என்று நான்கு நடுவர்கள். மகள் மாடிப்படியை மூன்று தடவை ஏறி இறங்கி, நெஞ்சு படபடக்கும்போதே வந்து வாசிக்க வேண்டும். படபடப்போடு வாசித்துப் பழகத்தான் இந்த ஏற்பாடு. தம்பி பத்துக்கு நாலு போட்டான். பாட்டி நூற்றுக்கு நூறு. “நடுவர்கள் நடுநிலையா இருக்கணும்” என்றார் அப்பா.

கெமிஸ்ட்ரி 82-க்கு வந்திருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம்

டிசம்பர் சனிக்கிழமை. ஒரு பள்ளி வளாகம் முழுக்கக் கருவிப் பெட்டிகளோடு பிள்ளைகள். ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு எட்யூட். பெற்றோர் உள்ளே போக முடியாது. கேன்டீனில் உட்கார வேண்டியதுதான்.

உள்ளே பெயருக்கு வேலையில்லை. எந்தப் பள்ளி, ஆணா பெண்ணா, எந்த நாட்டு முகம் என்று எதுவும் தெரியாதபடி, ஐந்து நடுவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். மாணவருக்கு ஓர் எண் மட்டும். அறைக்குள் வாய் திறந்து பேசக் கூடாது. சந்தேகம் இருந்தால் உதவியாளர் காதில் கிசுகிசுக்க வேண்டும், அவர்தான் கேட்டுச் சொல்வார். ஒரு எட்யூட் முடிந்தால் வெளியே வந்து, மற்றவர்கள் எல்லோரும் முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததற்கு மறுபடி உள்ளே. அந்தக் காத்திருப்பில்தான் ரீடு காயும், விரல் குளிரும், மனது நூறு கதை கட்டும்.

நான்கு மணிக்கு மேல் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். மகளின் எண் இருந்தது. ரீஜன் பேண்டில் இடம், ஜனவரியில் அடுத்த சுற்றான ஏரியா ஆடிஷனுக்கும் தகுதி. முந்தைய இரண்டு வருடங்களும் தாண்டாத படி அது. அம்மா அங்கேயே நின்று திருச்சிக்கு போன் போட்டார். அங்கே அதிகாலை நான்கு மணி என்பதே அவருக்கு நினைவில்லை.

தப்பே இல்லை, ஆனாலும்…

ஜனவரியில் ஏரியா. அங்கே வருபவர்கள் எல்லோருமே ஏற்கெனவே ஒரு சுற்றைத் தாண்டியவர்கள். மாலையில் பட்டியல் வந்தது. மாநிலத்துக்குத் தேர்வான வரிசைக்கு நான்கு இடம் கீழே மகளின் எண்.

திரும்பும் வழியில் கார் அமைதியாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து அம்மா கேட்டார். “எந்த இடத்துல தப்பு வந்துச்சு?”

“எங்கேயும் வரலம்மா. பிரேக் அஞ்சும் சுத்தமா வந்துச்சு. நான் இதுவரைக்கும் வாசிச்சதுலயே இன்னைக்குத்தான் பெஸ்ட்.”

“அப்புறம் ஏன்?”

“அவங்க இன்னும் நல்லா வாசிச்சாங்க.”

அம்மாவுக்கு இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவர் வளர்ந்த கணக்கில், தப்பே செய்யாதவருக்கு நூறு மார்க். குறைந்தால் எங்கோ தவறு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். தவறே இல்லாமலும் ஓர் இடம் கிடைக்காமல் போகலாம் என்பதை அந்த வீட்டில் அழாமல் முதலில் சொன்னது பதினாறு வயதுப் பெண். அழுகை பிறகு வந்தது, வீட்டு கராஜுக்குள் கார் நின்றபிறகு. அம்மா இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். `அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

இரவு சாப்பாடு முடிந்ததும் அம்மா கேட்டார். “அந்த மெதுவான எட்யூட்டை இன்னைக்கு எதுவரைக்கும் வாசிக்கச் சொன்னாங்க?”

“முதல் பாதி மட்டும். டிசம்பர்லயும் பாதிதான்.”

“அப்போ முழுசா அதை யாருமே கேட்கலையா?”

மகள் யோசித்தாள். ஆறு மாதம் வாசித்திருக்கிறாள். துண்டு துண்டாக, வரி வரியாக, மெட்ரோனோமோடு, போனில் பதிவு செய்து, பெட்ஷீட்டுக்குப் பின்னால். முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை, யாருக்கும் எண் சொல்லாமல், மார்க்குக்கு இல்லாமல், ஒருமுறைகூட ஒருவருக்காக வாசித்ததில்லை.

பெட்டியைத் திறந்தாள். ரீடை நாக்கில் நனைத்துப் பொருத்தினாள். தம்பி கேட்காமலேயே டி.வி-யை நிறுத்தினான். அப்பா பாத்திரம் கழுவும் குழாயை மூடினார்.

வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. அம்மாதான் முதலில் பேசினார்.

“ரெண்டாவது வரி மூச்சு இப்போ நல்லா இருக்கு.”